மாத்திரைக்கு அப்புறம் ஒரு வரி

டயர் கடைக்கும் மரப்பட்டறைக்கும் நடுவே ஒரு சந்து போகிறது. சந்து முட்டி நிற்கிற இடத்தில் பச்சை கேட் போட்ட இரண்டு மாடிக் கட்டடம். குடியை விடுவதற்காக ஆண்கள் வந்து மாதக்கணக்கில் தங்கும் கிறிஸ்தவ இல்லம் அது. கேட்டைத் தாண்டியதும் தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒட்டி ஒரு சுழல் நாற்காலி, சுவரில் ஓரம் கறுத்த ஒரு கண்ணாடி. புதிதாக வருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் ஜெப மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். முடிவெட்டி, முகம் வழித்து, குளிக்க வைத்து, வெளுத்த சட்டை கொடுத்து உள்ளே அனுப்புகிறவர் பல்லவி அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பல்லவி என்ற பட்டம் எப்படி வந்தது என்று சொன்னால் அவர் கதையில் பாதி சொன்ன மாதிரி.

அவர் முடிதிருத்துகிறவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தமாகக் கடை வைத்திருந்தார். சுத்தமான கடை, சுத்தமான கை. குழந்தைகள்கூட அழாமல் தலையைக் கொடுக்கும். கடையை அடைத்ததும் அலுப்புத் தீர ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது. பிறகு கடையைத் திறக்கும் முன்னால் கை நடுங்காமல் இருக்க ஒரு கிளாஸ். குடித்தால் நடுக்கம் நிற்கும், தெளிந்தால் திரும்ப வரும். ஆக, தெளியவே கூடாது என்ற முடிவுக்கு வந்தார். குடிகாரர்கள் எல்லோரும் வந்து சேரும் முடிவுதான் அது, அவருக்கென்று தனியாக ஒன்றுமில்லை. கடைசியில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தடவுகிற வாசனைத் தண்ணீரைக் கன்னத்துக்குக் கொஞ்சம், தொண்டைக்கு மிச்சம் என்று பங்கு போட்டார்.

ஒருநாள் வங்கி மேனேஜர் ஒருவரின் காது மடலில் கத்தி இறங்கிவிட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை. துண்டை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டு எழுந்தார். "நீங்க உட்காருங்க. பார்த்தா நீங்கதான் விழுந்துடுவீங்க போல" என்று நாற்காலியைக் காட்டினார். நாலு அறை விட்டிருந்தால் மறந்திருக்கலாம். அந்த மரியாதையை அவரால் மறக்க முடியவில்லை. அதை மறக்கவும் குடித்தார். கடை போயிற்று.

அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, நோயாளிகளின் உடுப்பு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளுத்து வரும். "ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணி, மருந்துக்கறைக்கு வெந்நீர். உங்களை எதுல ஊறப்போடறதுன்னுதான் தெரியலை" என்பாள். கத்தி அலுத்துப்போய், அழுது அலுத்துப்போய், கடைசியில் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அக்காவின் கணவரை அலாக்காகத் தூக்கி, கண்ணாடியில் சிவப்பு எழுத்து ஒட்டிய பயிற்சிக் காரில் உட்கார வைத்தார். மாணவர்கள் உட்காரும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் கார் அது.

"எங்கடா கூட்டிட்டுப் போறே?" என்று அவர் உளறினார்.

"மாமா, இந்த வண்டியில ரெண்டு பிரேக். ஓட்டறவன் மிதிக்கலைன்னா வாத்தியார் மிதிப்பான். நீங்க உங்க பிரேக்கை எப்பவோ கழட்டி எடைக்குப் போட்டுட்டீங்க. இனிமே நான் மிதிக்கறேன். பேசாம வாங்க."

அப்படித்தான் அவர் பச்சை கேட்டுக்குள் வந்தார்.

வந்தவர் சாதுவாக இருந்துவிடவில்லை. இல்லத்தை நடத்துகிற போதகரின் மனைவி நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று குடியை நிறுத்தினால் சும்மா இருக்காது. நடுங்கும், வேர்க்கும், இல்லாததைப் பார்க்கும், வலிப்புகூட வரும். அதை அடக்க டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். நம் ஆள் அந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, பிறகு துப்பிச் சோப்பு டப்பாவின் அடியில் ஒட்டிவைத்தார். மொத்தமாகச் சேர்த்து ஒரே வாயில் போட்டால் கிறுகிறுவென்று ஏறுமே என்ற திட்டம்.

நர்ஸம்மா சோப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை.

"இனிமே மாத்திரை போட்டதும் ஒரு வரி பாடணும்."

"பாடணுமா? எதுக்கு சிஸ்டர்?"

"வாய்க்குள்ள எதையாவது ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒழுங்காப் பாட்டு வராது. பாடி முடிச்சு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டு."

"எனக்குப் பாட வராது சிஸ்டர்."

"உன் கச்சேரிக்கு இங்க யாரும் டிக்கெட் வாங்கி உட்காரலை. பாடு."

காலையில் மண்டபத்தில் எல்லோரும் பாடுகிற பாட்டு ஒன்று இருந்தது. 'விடிய வைத்தவரே, என்னை எழுந்து நிற்க வைத்தவரே' என்று தொடங்கும். அந்தப் பல்லவி ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதைப் பாடினார். பக்கத்துக் கட்டிலில் சுருண்டு கிடந்த மின்வேலைக்காரர் போர்வையிலிருந்து தலையை நீட்டி, "யாருப்பா அது, மோட்டார் காத்து வாங்குதா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. வந்த நாளிலிருந்து யாரும் சிரிக்காத அறை அது. மறுநாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. விழுங்கியவர் பாட வேண்டும். அவருக்குப் பட்டப்பெயரும் நிலைத்தது.

குடி நின்றது. வீடு திரும்பலாம் என்று போதகர் சொன்ன அன்று, அவர் பெட்டியை எடுக்காமல் சந்தின் முனை வரை போய், தெரிந்த ஒருவரிடம் பழைய சுழல் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது எதுக்குப்பா?" என்றார் போதகர்.

"நான் வந்தப்ப என் மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல பாஸ்டர்? அந்த மூஞ்சியோட எவனுக்கும் தன்னைப் பார்க்கப் பிடிக்காது. முதல்ல மூஞ்சியைச் சரி பண்ணுவோம். உள்ள இருக்கறதை நீங்களும் கர்த்தரும் பாருங்க."

அதிலிருந்து அவர் அங்கேயே இருக்கிறார். வாரத்தில் பாதி நாள் வீடு, பாதி நாள் இல்லம். புதியவர்களைப் படுக்க வைக்கும் முன்னறைக்கு அவர்தான் பொறுப்பு. அந்த வேலை எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாந்தியை வழிக்க வேண்டும். நனைந்த விரிப்பை, ஆள் வெட்கப்படுவதற்குள் மாற்ற வேண்டும். உதைப்பார்கள், கடிப்பார்கள், அம்மாவைக் கூப்பிட்டு அழுவார்கள். பல்லவி அண்ணனுக்கு இதெல்லாம் முகத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி.

சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று ஒருவர் அலறினால், எறும்பு கிடையாது என்று வாதாட மாட்டார். "எந்தப் பக்கமா வருது? இந்தப் பக்கமா? சரி, நான் நடுவுல உட்கார்ந்துக்கறேன். என்னைத் தாண்டி வரட்டும் பார்ப்போம்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சவரம் செய்தால் வெட்டுக்காயத்துக்குப் படிகாரக் கட்டிதான். வாசனைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அந்தக் கேட்டைத் தாண்டாது. இருமல் மருந்தையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

பிரசங்கம் அவருக்கு வராது. ஆராதனையில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் தேவன் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில், சிலர் உலகமே கேட்க வேண்டியது போல இழுத்துச் சொல்வார்கள். இவர் முறை வந்தால், "குடிச்சேன். என்னால நிறுத்த முடியலை. கர்த்தர் நிறுத்தினார். சமையல்கட்டுல சூப் ஆறிக்கிட்டு இருக்கு" என்று உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஒவ்வொருவர் முகத்தில் நுரையைத் தடவும் முன்னாலும் அவர் உதடு அசைவதைக் கண்ணாடியில் பார்க்கலாம். என்ன ஜெபம் என்று கேட்ட ஒருவரிடம், "கை நடுங்கக்கூடாதுன்னு" என்றார். நடுங்கியதே இல்லை.

அவர் மனைவிக்கும் அந்த அறையில் பங்கு உண்டு. முன்னறைத் துண்டுகளை அவள்தான் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, கொதிக்க வைத்து, வாரம் தவறாமல் ஒரு மூட்டையாகக் கொண்டுவருவாள். வந்தால் உள்ளே நுழைந்து நாலு பேரை அதட்டிவிட்டுத்தான் போவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, டிரைவிங் வாத்தியார் குடிக்க ஆரம்பித்தார்.

எதனால் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நண்பர்கள், முதுகுவலி, சும்மா, எல்லாம் காரணம். வெளியே தெரிந்தபோது விஷயம் முற்றியிருந்தது. பயிற்சிக் காரில் ஒரு காலைப் பொழுதிலேயே வாயில் வாடை வர, மாணவர் ஒருவர் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார்.

பல்லவி அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உங்களை அவன் தூக்கிட்டுப் போனான். எனக்குப் புருஷன் திரும்பிக் கிடைச்சார். இப்ப என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடுங்க. கூடப் பிறந்ததுன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"கர்த்தர் கிருபை செய்வார், நீ..."

"கர்த்தர்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன். இது உங்ககிட்ட சொல்றது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

வாத்தியாரைக் கூட்டி வந்ததே ஒரு கூத்து. இருக்கிற மாணவர்களில் கொஞ்சம் தைரியமானவர் ஒரு தையல்கார அம்மா. அவர்தான் அதே பயிற்சிக் காரை ஓட்டினார். பக்கத்து இருக்கையில் தலை தொங்கிக்கிடந்த வாத்தியாரின் கால் மட்டும் வேலையை மறக்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தது. முதலில் ஆஸ்பத்திரி. அங்கே ஊசி போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, "ஒரு வேளையும் தவறக்கூடாது, வெறும் வயிறாகவும் இருக்கக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பச்சை கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தையல்கார அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததும், "ஆண்டவரே, எனக்கு லைசென்ஸே வேண்டாம்" என்றார்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லவி அண்ணன் நுரை தடவினார். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"உங்க கை நடுங்கலையே மாமா."

"உன் தாடைதான் மச்சான் நடுங்குது. ஆடாம இரு. ஏற்கெனவே ஒரு காது என் தலைமேல பழியா இருக்கு."

வாத்தியார் சிரிக்க முயன்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நுரையில் கோடு போட்டது. பல்லவி அண்ணன் அந்தக் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டி வழித்துவிட்டார்.

அன்று முன்னறையில் மாத்திரை நேரம். வாத்தியாரோடு இன்னும் இரண்டு பேர். முதலாமவர் விழுங்கினார், பாடினார், நாக்கைக் காட்டினார். இரண்டாமவர் தொண்டை கட்டியிருந்தும் பாடினார். வாத்தியார் முறை வந்தது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளரை நீட்டியபடி பல்லவி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, எனக்குமா இந்தச் சின்னப்பிள்ளை வேலை?"

கேட்டது வேறு யாராவது என்றால், "உன் பாட்டனா இருந்தாலும் பாடணும்" என்று பதில் வந்திருக்கும். இது தன்னைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள். ஊர் ரோட்டில் பாதி வண்டிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார். அவரிடம் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கு என்று சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை.

"சரி சரி. முழுங்கிட்டேல்ல? படு."

அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அன்று இரவும் அப்படியே விட்டார்.

வாத்தியார் விழுங்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்றோ, சேர்த்துவைத்துப் போதை ஏற்ற வேண்டும் என்றோ அல்ல. சாயங்காலக் கூட்டத்தில் ஒருவர் சாட்சி சொன்னார். ஒரே ஜெபத்தில் தன்னைவிட்டுக் குடி ஓடிப்போயிற்று என்றார். கேட்டுக்கொண்டிருந்த வாத்தியாருக்குப் பொறி தட்டிவிட்டது. காலையில் நழுவ விட்ட மாத்திரை சட்டைப் பையில் கிடந்தது. கசப்புக்குப் பயந்து துப்பியதுதான் அது. இப்போது அதற்கு ஒரு பெரிய அர்த்தம் கிடைத்துவிட்டது. மாத்திரையை நம்பினால் அது விசுவாசம் ஆகுமா? அடுத்த நாள் வெள்ளி, இல்லத்தில் எல்லோரும் மதியம் தாண்டும்வரை சாப்பிடாமல் ஜெபிக்கிற உபவாச நாள். அதிலேயே மொத்தத்தையும் முடித்துவிட்டால் அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம். குறுக்கு வழியே கிடையாது, கிளச்சை மெதுவாக விடு என்று மாணவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர் போட்ட கணக்கு இது.

முன்னறைக்காரர்களுக்கு உபவாசம் கிடையாது. ரொட்டியும் முட்டையும் சூப்பும் கட்டாயம். பல்லவி அண்ணன் தட்டைக் கொண்டுபோய் வைத்தார். வாத்தியார் தட்டைத் தள்ளி, சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றார்.

"நானும் இருக்கேன் மாமா. தடுக்காதீங்க."

வாசலில் எட்டிப் பார்த்த சமையல்காரர், முன்னாள் ராணுவக்காரர், எல்லோருக்கும் மேஜர், வியந்துபோனார். "அண்ணே! வந்த வாரமே உபவாசமா? நான்லாம் அப்ப முட்டையைத் திருடித் தின்னுக்கிட்டு இருந்தேன். உங்க குடும்பமே தனி ரகம்!"

பல்லவி அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டார். "தண்ணி மட்டும் குடி மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் மாத்திரையை நீட்டினார், வாத்தியார் வாயில் போட்டுக்கொண்டார், பாட்டு இல்லை.

மதியம் மண்டபத்தில் ஜெபம் முடியும் நேரம். வாத்தியார் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தார். கை உயர்ந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அடியோடு வெட்டிய மரம் போலச் சாய்ந்து, தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார்.

"பிசாசு விட்டு ஓடுது! ஸ்தோத்திரம்!" என்று பின்னால் ஒருவர் கத்தினார். நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். போதகர் நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். அவர் கைகூட ஒரு நொடி ஜெபிக்கத்தான் எழுந்தது.

பல்லவி அண்ணன் பெஞ்சைத் தாண்டிக் குதித்துவிட்டார். துண்டை மடித்துத் தலைக்கடியில் செருகினார். வாய்க்குள் எதையோ திணிக்க வந்த கையைத் தட்டிவிட்டார். இழுப்பு நிற்கும்வரை அடக்கிப் பிடிக்காமல் பக்கத்திலேயே இருந்து, நின்றதும் ஒருக்களித்துப் புரட்டி, வாயில் வழிந்ததைத் துடைத்தார்.

"பாஸ்டர், ஜெபத்தை நிறுத்தாதீங்க. ஜெபிச்சுக்கிட்டே அந்த பெஞ்சைத் தள்ளுங்க. மேஜர், ஆம்புலன்ஸ்! கத்தறவன் எல்லாம் வெளிய போய்க் கத்துங்க, காத்து வரட்டும்!"

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். மறுபடியும் வலிப்பு வந்தது என்று நர்ஸ் ஒருத்தி சொல்லிவிட்டு ஓடினாள். பல்லவி அண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தத் துண்டு.

அக்காவுக்குச் செய்தி போகும் முன்பே தம்பியின் உடுப்பு போய்விட்டது. அவசரப் பிரிவில் கழற்றிய சட்டை சலவைப் பிரிவுக்கு வந்தது. துணியைத் தொட்டியில் போடும் முன் பையைத் துழாவுவது அவள் பல வருஷப் பழக்கம். துழாவினாள். ஊறிப் பிசுபிசுத்த மாத்திரைகள் கையில் ஒட்டின. சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இல்லத்துச் சட்டை. காலரில் தம்பிக்காக அவளே தைத்துக் கொடுத்த அடையாள நூல்.

மாடிப்படி ஏறி வந்து அவர் முன்னால் நின்றாள். ஈரக் கையை விரித்துக் காட்டினாள்.

"பாட வச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"இல்லை."

"ஊர்ல இருக்கறவன் எல்லாத்தையும் பாட வச்சீங்களே. என் தம்பியை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அவன் வாத்தியாராச்சேன்னு... எனக்கு வெட்கமாப் போச்சு."

"வெட்கம்." அவள் மாத்திரைகளை அவர் துண்டில் வைத்து மூடினாள். "அவன் பிழைச்சு வந்து பாடட்டும். அதை நான் என் காதால கேட்கணும். அதுவரைக்கும் என்கிட்ட பேச வேண்டாம்."

வாத்தியார் பிழைப்பாரா என்று சில நாள் யாருக்கும் தெரியவில்லை. யாரையோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கத்தினார். அக்காவைப் பார்த்து இண்டிகேட்டர் போடு என்று அதட்டினார். அவள் வேலை முடிந்ததும் வந்து அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கணவர் வந்தால் எழுந்து போய்விடுவாள். இல்லத்துத் துண்டு மூட்டை மட்டும் தவறவில்லை. கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூட்டை முன்பைவிட வெள்ளையாகத்தான் இருந்தது.

ஞாயிறு சாட்சி நேரத்தில் பல்லவி அண்ணன் எழுந்து நடந்ததைச் சொன்னார். சூப் ஆறுகிறது என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பிறகு முன்னறைச் சாவியைக் கொண்டுபோய் நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

"வேற யாரையாவது போடுங்க சிஸ்டர். எனக்குத் தகுதி இல்லை."

"தகுதி பார்த்துத்தான் உன்னைப் போட்டேன்னு நினைச்சியா? சோப்பு டப்பாவுல மாத்திரை ஒட்டினவன்னு போட்டேன்." நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சொந்தக்காரனை நீ பார்த்திருக்கக் கூடாது. அதை நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கலை. இனிமே யார் வீட்டு ஆள் வந்தாலும் மாத்திரை குடுக்கறப்ப பக்கத்துல இன்னொருத்தர் நிப்பாங்க. உபவாசம் இருக்கறவங்க ஆளுக்கொருத்தரா முன்னறைக்காரங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல உட்காரணும். அவன் தட்டு காலியாகலைன்னா இவன் உபவாசம் செல்லாது. போ. சாவியை எடுத்துக்கிட்டுப் போ."

மேஜருக்கு அது பெரிய தண்டனை. "காலி வயித்தோட அடுத்தவன் முட்டை தின்னறதைப் பார்க்கறதா! இதுதான் அண்ணே நிஜ உபவாசம்" என்றார்.

வாத்தியார் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று பச்சை கேட் வரை வந்தவர் உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தோளில் தொங்கியது, ஆள் பாதியாகியிருந்தார்.

"நான் வீட்டுக்குப் போறேன் மாமா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள வர்றது? கூட்டத்துல விழுந்து, உங்களையும் தலைகுனிய வச்சு... ஒரு மாத்திரை ஒழுங்கா முழுங்கத் தெரியலை எனக்கு."

பல்லவி அண்ணன் சுழல் நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார்.

"அந்த வண்டியில ரெண்டு பிரேக் இருக்குன்னு சொன்னியே மச்சான். அன்னிக்கு நீ மிதிச்சே. அந்த வெள்ளிக்கிழமை என் காலடியில இருந்ததை நான் மிதிக்கலை. நீ வாத்தியாராச்சே, நான் எப்படின்னு காலை மடக்கி உட்கார்ந்துட்டேன். தப்பு என்னுது. இன்னிக்கு மிதிக்கறேன். உட்காரு. மூஞ்சி எதுன்னு கேட்டியே, அதை நான் பார்த்துக்கறேன்."

வாத்தியார் கேட்டையும் சந்தையும் மாறி மாறிப் பார்த்தார். டயர் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்து உட்கார்ந்தார். நுரை, கத்தி, படிகாரம். இந்தத் தடவை இருவரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள்.

முன்னறையில் மாத்திரை நேரம். புது ஏற்பாட்டின்படி மேஜர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். வாத்தியார் மாத்திரையை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார்.

"பாடு."

"மாமா, எனக்கு நிஜமாவே பாட வராது. ஸ்கூல்லயே என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லித்தான் நிறுத்துவாங்க."

"உன் கச்சேரிக்கு இங்க யாரும் டிக்கெட் வாங்கலை. பாடு."

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். 'விடிய வைத்தவரே' என்று எடுத்தார். எடுத்த இடம் ஒன்று, போன இடம் வேறு. 'எழுந்து நிற்க வைத்தவரே'யில் குரல் உடைந்து, மூச்சு வாங்கி, திரும்ப ஒட்டிக்கொண்டு ஒரு வழியாக வரியை முடித்தது. பிறகு சொல்லாமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். பல்லவி அண்ணன் குனிந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, தலையை ஆட்டினார். மேஜர் அடுத்த வரியைப் பெரிய குரலில் எடுத்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனார்.

அப்போதுதான் வராந்தாவில் ஆள் இருப்பது தெரிந்தது. துண்டு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பல்லவி அண்ணனின் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு கேவலமாப் பாடறதுக்கு எங்க வீட்டுல இவன் ஒருத்தன்தான்" என்றாள், சுவரைப் பார்த்து.

பிறகு உள்ளே வந்து, தம்பியின் கட்டிலில் மூட்டையை இறக்கினாள். அவர் தட்டில் பாதி ரொட்டி மிச்சம் இருப்பதைப் பார்த்து, "இதை யார் திம்பா? முடி" என்று அதட்டினாள். கணவர் பக்கம் திரும்பி, அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து எடுத்தாள்.

"எத்தனை நாளா இதையே போட்டுக்கிட்டு இருக்கீங்க? வாடை அடிக்குது. புதுசு ஒண்ணு எடுங்க, இதை நான் ஊறப்போடறேன்."

"பச்சைத் தண்ணியிலயா, வெந்நீர்லயா?" என்று கேட்டார் பல்லவி அண்ணன்.

"பேச்சைப் பாரு" என்றாள் அவள்.